பூட்டு அக்கட்டால, சாவி இக்கட்டால

அந்தச் செங்கல்லை உள்ள கொண்டுட்டு வராதீங்க மேஸ்திரி. வாசல்லயே எறக்கி வெய்யுங்க. சிமெண்ட்டும் அங்கயே கெடக்கட்டும். கலக்கறதுக்கு முன்னாடி நான் சொல்றதச் சித்த கேட்டுட்டு அப்பறம் கலக்குங்க.

கிருபாகரன் போன்ல சொல்லியிருப்பான், எனக்குத் தெரியும். 'பெரிம்மா என்னமாச்சும் பேசும், காதுல போட்டுக்காதீங்க, நீங்க பாட்டுக்குச் செவுத்தக் கட்டிட்டுப் போங்க'ன்னு. சொன்னானா இல்லீங்களா? தலையக் குனியறீங்க பாருங்க, அப்பச் சொல்லியிருக்கறான். அவன் பெங்களூர்ல உக்காந்துட்டு கோபியில செவுரு கட்டறான். செவுத்துக்கு ரெண்டு பக்கமுங்க. ஒரு பக்கம் அவங்கம்மா ஊட்டுல நிக்கும், இன்னொரு பக்கம் என்ற ஊட்டுக்குள்ள நிக்கும். என்ற பக்கம் நிக்கப்போற செவுத்துக்கு என்னைய ஒரு வார்த்தை கேட்டானா? கேக்கல.

மோர் குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி, அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

அக்கட்டால, இந்தக் கதவில்லாத வாசலுக்கு அந்தப் பக்கம், நாற்காலியில உக்காந்திருக்கறா பாருங்க, அவதான் சாரதாமணி. கிருபாகரனோட அம்மா. என்ற கொழுந்தனார் பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. அவளப் பாத்துக்கறதுக்கு ஒரு பொம்பளய வெச்சிருக்கறான், அந்தம்மா மருந்துக் கடைக்குப் போயிருக்குது. நான் பேசறதெல்லாம் சாரதாமணிக்கு நல்லாவே கேக்கும். கேக்கட்டும். காதுக்கு ஒண்ணுமில்ல. வலது கையும் காலும்தான் வராது. வாயும் வராதுங்கறாங்க. வாய் வராதுங்கறத நான் நம்பறதில்லீங்க, அத அப்பறம் சொல்றேன்.

தெருவுல என்ன பேசிக்கறாங்க தெரியுங்களா? ருக்குமணி கதவை ஒடச்சுட்டான்னு. நீங்க கட்டட வேலை தெரிஞ்ச ஆளு, நீங்களே பாருங்க. அந்தா செவுத்துல சாத்தி வெச்சிருக்கறது பாருங்க, அதுதான் கதவு. ஒரு கீறல் உண்டுங்களா? கொண்டி அப்புடியே இருக்குது, பூட்டு அதுலயே தொங்குது. நான் கீல் ஆணியத்தான் கழட்டுனேன். சாவியில்லாமத் தெறந்தேன், ஒடைக்கலை. தெறக்கறதும் ஒடைக்கறதும் ஒண்ணுங்களா?

சாவியில்லாமன்னா, சாவி என்றகிட்டத்தான் இருந்துச்சு. அதுதான் கூத்து.

இந்த ஊடு என்ற மாமனார் கட்டுனதுங்க. மகனுங்க ரெண்டு பேரு. மூத்தவரு என்ற ஊட்டுக்காரரு சென்னியப்பன், எளையவரு நாட்ராயன். ரெண்டு பேரும் இப்ப இல்லீங்க, போயிச் சேந்துட்டாங்க. முப்பது வருசம் எல்லாருக்கும் ஒரே அடுப்பு. நான் சொல்றது அவ செய்வா. சொல்றதச் சொன்னபடி செய்வான்னு சொல்ல முடியாது, ஆனா செய்வா. நான் எதுக்கும் சண்டை போடறவ இல்லீங்க. சண்டைன்னு வந்தது கிருபாகரன் கல்யாணத்துலதான்.

கிருபாகரனுக்குக் கூடப்பொறந்த பொட்டப்புள்ள இல்ல. நம்மள்ல கல்யாணம்னா மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி பக்கத்துல நின்னு இணைச்சீர்ச் சடங்கு செய்யோணும், உங்களுக்குத் தெரியாததில்ல. கூடப்பொறந்தவ இல்லீன்னா பெரியப்பன் மக செய்யறது மொறை. என்ற மக சுகந்தி இருக்கறா. பட்டுச்சீலை எடுத்து, ஜாக்கெட் தெச்சு, தலை நெறையப் பூ வெச்சுட்டு மண்டபத்துல முன் வரிசையில நிக்கறா. இணைச்சீர்க்காரிய வரச் சொல்லுங்கன்னு கூப்புடறாங்க. இவ எட்டெடுத்து வெக்கறா, அக்கட்டாலயிருந்து சாரதாமணியோட அக்கா மக எந்திரிச்சு வர்றா. என்ற புள்ள நட்ட நடு மண்டபத்துல அப்புடியே நின்னுட்டா. கால எங்க வெக்கறதுன்னு தெரியாம நின்னுட்டா.

ஏண்டி இப்புடிப் பண்ணுனேன்னு கேட்டா, நான் கல்யாணப் பொண்ணப் பத்திப் பேசிட்டனாம். பொண்ணு கறுப்பு, மூக்கு சப்பைன்னு. ஆமா சொன்னேன். உள்ளதத்தான சொன்னேன்? அதுவும் ஊரெல்லாமா சொன்னேன்? ஒரு நாலஞ்சு ஊட்டுல சொல்லியிருப்பேன். அதுக்குச் சபையில வெச்சு என்ற மகள அசிங்கப்படுத்தறதா? நான் கேட்டேன். நல்லாக் கேட்டேன். தாலி கட்டி முடியற வரைக்கும் பொறுத்திருந்து, பந்தியில வெச்சுக் கேட்டேன். அவளும் பேசுனா. அன்னிக்குப் பேசுனதுதான். அதுக்கப்பறம் ஒம்பது வருசம் ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்ல.

கல்யாணம் முடிஞ்ச ஒரு மாசத்துல ஊட்டப் பிரிச்சாச்சு. வாசல் தனி, அடுப்பு தனி. மேல தண்ணித்தொட்டியும் மோட்டாரும் பொது. நடுவுல இந்தக் கதவு ஒண்ணு மிச்சம். இது யாருக்கு? என்ற பக்கம் பூட்டுனா நான் எப்ப வேண்ணாலும் தெறந்துட்டு அங்க போயிருவேன்னு அவ சொன்னா. அவ பக்கம் பூட்டுனா அவ வந்துருவான்னு நான் சொன்னேன். பேசித் தீக்கறதுக்கு கரியண்ண மாமான்னு பங்காளி ஒருத்தரக் கூட்டியாந்தாங்க. அவரு காலைலயிருந்து மத்தியானச் சோறு வரைக்கும் ஓசன பண்ணி ஒரு முடிவு சொன்னாரு பாருங்க. பூட்டு சாரதாமணி பக்கம். சாவி ருக்குமணிகிட்ட. ரெண்டு பேரும் மனசு வெச்சாத்தான் கதவு தெறக்கும்னாரு. எல்லாரும் பலே பலேன்னாங்க. வெத்தலை போட்டாங்க, போயிட்டாங்க.

நான் அந்தச் சாவிய மஞ்சத்துணியில முடிஞ்சு சாமி படத்துக்குப் பொறத்தால வெச்சேன். அவ பூட்டுக்கு வருசா வருசம் பொங்கலுக்கு முந்துன நாளு எண்ணெய் போடுவா. எப்புடித் தெரியும்ங்கறீங்களா? கதவு சந்துல நல்லெண்ணெய் வாசம் வருமில்லீங்க. பூட்ட ஆட்டி ஆட்டி விடற சத்தமும் கேக்கும். துரு புடிக்கக்கூடாதாம். இன்னும் அம்பது வருசத்துக்குப் பூட்டிக் கெடக்கோணும்னு எவ்வளவு கவனம் பாருங்க. நெஞ்சுல அம்புட்டு வெசம்.

நானெல்லாம் அடுத்த ஊட்டுக்குக் காது குடுக்கறவ இல்லீங்க. என்ற சோலியே எனக்குச் செரியா இருக்கும். காலைல அஞ்சே முக்காலுக்கு அவ கொல்லப்பக்கத்துத் தாழ்ப்பாளத் தெறப்பா. ஆறரைக்கு மிக்ஸி. ஏழு மணிக்குக் குக்கர். பருப்பு நாளுன்னா நாலு விசில், இல்லீன்னா மூணு. மூணாவது விசிலுக்கு நான் அரிசி களைய எந்திரிப்பேன், அப்பத்தான் எனக்கு நேரம் செரியா இருக்கும். பதினோரு மணிக்கு ரெண்டு தும்மல். எப்பவும் ரெண்டு. பொழுதோட டிவியில நாடகம். நானும் அதையேதான் பாப்பேன், சத்தத்தக் கொறச்சு வெச்சுக்குவேன், அவ பக்கத்துச் சத்தமே போதும். இதெல்லாம் காது குடுக்கறதில்லீங்க. தானா உழுகறது.

பேச்சுத்தான் இல்லியே தவர, சொல்ல வேண்டியதச் சொல்லிக்குவோம். நான் பூனைகிட்டச் சொல்லுவேன். 'ஏம் பூனை, மோட்டாரப் போட்டுட்டு மறந்து தூங்கறாங்களே, கரெண்டு பில்லு இவீங்கப்பன் ஊட்டுலயிருந்தா வருது?'ன்னு கதவுக்குப் பக்கத்துல நின்னு சொல்லுவேன். சித்த நேரத்துல அங்கயிருந்து சத்தம் வரும். அவ தொளசிச் செடிகிட்டச் சொல்லுவா. 'தொளசி, பூனைக்கு எல்லாம் தெரியும், ஆனா ராத்திரி முச்சூடும் சொட்டற கொழாய மூடத் தெரியாது'ன்னு. அப்பறம் நான் மறுக்கா பூனைகிட்ட. இப்புடி மத்தியானம் வரைக்கும் போன நாளெல்லாம் உண்டு. பேர் சொல்லிக் கூப்புட மாட்டோம். மூஞ்சியப் பாக்க மாட்டோம். யாரு மொதல்ல பேர் சொல்லிக் கூப்புடறாங்களோ அவீங்க தோத்தாங்க. அப்புடின்னு யாரும் எழுதி வெக்கல. ஆனா ரெண்டு பேருக்கும் தெரியும்.

என்ற ஊட்டுக்காரரு செத்தப்ப வந்தா. முன் வாசல் வழியா வந்து மூலையில உக்காந்து அழுதா. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நாட்ராயன் செத்தப்ப நானும் போனேன், அழுதேன், பேசல. சரிக்குச் சரி.

இப்ப அந்த நாளைக்கு வர்றேன். போன மாசம் ரெண்டாவது செவ்வாக்கெழமை. பகல் பன்னண்டு மணி இருக்கும். நான் சமையக்கட்டுல இருக்கறேன். கதவுக்கு அடியில தண்ணி வருது. என்னடா இதுன்னு பாத்தேன். காது குடுத்துக் கேட்டா, உள்ள ஒரு மொனகல். அடுத்த நிமிசம் ஓடியாந்து கதவக் கழட்டி அவளத் தூக்கிட்டேன். இதுதான் நான் கிருபாகரன்கிட்டச் சொன்னது. ஆஸ்பத்திரியிலயும் இதேதான் சொன்னேன்.

கழட்டறது லேசுப்பட்ட வேலைன்னு நெனச்சுக்காதீங்க. மொதல்ல சாவிய எடுத்துட்டு அவ முன் வாசலுக்கு ஓடுனேன். கம்பிக்கதவுல உள்பக்கம் பூட்டு. தனியா இருக்கற பொம்பள, உள்ள பூட்டிட்டுத்தான் இருப்பா. அது வேற பூட்டு, இந்தச் சாவி சேராது. பொறவாசல் உள்ள தாழ்ப்பாள். தெருவுல ஒரு ஆம்பள இல்ல, எல்லாம் வேலைக்குப் போயாச்சு. எதுத்த ஊட்டுல கதவத் தட்டுனா, அவீங்க கல்யாணத்துக்கு ஈரோடு போயிட்டாங்க. மறுக்கா உள்ள ஓடியாந்து இந்தக் கதவுக்கு முன்னால நிக்கறேன். கையில சாவி. பூட்டு அக்கட்டால. ஒம்பது வருசம் சாமிக்குப் பொறத்தால வெச்சுக் கும்புட்ட சாவி மேஸ்திரி, அன்னிக்குக் காது குடையறதுக்குக்கூட ஆகல. கரியண்ண மாமா மட்டும் எதுக்க இருந்திருந்தா அதக் கொண்டே அவரு கண்ணக் குத்தியிருப்பேன்.

அப்பத்தான் கீலப் பாத்தேன். கதவு என்ற பக்கமாத் தெறக்கறது, அதனால கீலு மூணும் என்ற பக்கம். பழைய கீலுங்க, நடுவுல ஆணி போட்டது. திருப்புளியத் தேடுனேன், கெடைக்கல. தோசைத் திருப்பிய எடுத்தேன். அதோட நுனிய ஆணிக்கு அடியில குடுத்து, அம்மிக் கொழவியால மேல பாத்துத் தட்டுனேன். கீழ இருக்கறது நாலு தட்டுக்கு வந்துருச்சு. நடுவுல இருக்கறதும் வந்துருச்சு. மேல இருக்கறது வரல. பெயிண்ட் அடிச்சு அடிச்சு ஒட்டிக் கெடக்குது. முக்காலி மேல ஏறி, தேங்காண்ணெய ஊத்தி, தட்டறேன் தட்டறேன், வரல. எனக்கு அறுபத்தினாலு வயசு, முட்டி வலி. அக்கட்டால அவ மொனகறா. அந்த ஆணிய நான் திட்டுன திட்டு, நல்லவேளை யாரும் கேக்கல. கடசீல வந்துது. கீலுப் பக்கம் தோசைத் திருப்பிய உட்டு நெம்புனேன். கதவு பூட்டுலயே தொங்கிச் சாஞ்சு, அடி முனை என்ற கால் மேலயே உளுந்துது; பூட்டச் சாவி போட்டுக் கழட்டிக் கதவ எடுத்து வெச்சது மக்யாநாள்தான். இந்தா பாருங்க கட்டவெரலு நகம், இன்னும் கறுப்பாத்தான் இருக்குது. இத எவனாவது கேட்டானா? 'பெரிம்மா கால் எப்புடி இருக்குது'ன்னு ஒருத்தன் கேக்கல.

உள்ள போனேன். கொழாய்க்குக் கீழ, தண்ணியில கெடக்கறா. வாய் ஒரு பக்கமா இழுத்துட்டு இருக்குது. கண்ணு தெறந்திருக்குது. என்னையத்தான் பாக்கறா. நான் 'சாரதா'ன்னேன். நாந்தான் மொதல்ல பேசுனது. எழுதிக்குங்க, ஊரெல்லாம் சொல்லுங்க, நாந்தான் தோத்தேன். அவ தலையத் தூக்கி மடியில வெச்சுட்டு, 'சாரதா, சாரதா'ன்னு எத்தன தடவை கூப்புட்டேன்னு எனக்கே தெரியாது. நூத்தியெட்டுக்குப் போன் பண்ணி, அவீங்க வந்து, ஆஸ்பத்திரியில சேக்கறப்ப மணி ஒண்ணே முக்கால்.

கிருபாகரன் பொழுதோட வந்து சேந்தான். வந்தவன் காலத் தொட்டுக் கும்புடுவான்னு நெனச்சேன். அவங்காத்தா உசுர நான் காப்பாத்தியிருக்கறேன். கும்புட்டான், இல்லீங்கல. ராத்திரி நல்லாத்தான் இருந்தான். மக்யாநாள் டாக்டர் என்னமோ சொன்னாராட்ட இருக்குது. இன்னும் ஒரு ரெண்டு மணி நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா ஊசி போட்டுப் பேச்சும் கையும் மீட்டிருக்கலாம்னு. டாக்டருக்கு என்னங்க, சொல்லிட்டுப் போயிருவாரு. இவன் என்றகிட்ட வந்து உக்காந்தான்.

'பெரிம்மா, எத்தன மணிக்குச் சத்தம் கேட்டுச்சு?'

'பன்னண்டுக்குடா. தண்ணி வந்தப்ப.'

'அம்மா எட்டரைக்கு மோட்டார் போட்டுத் தொட்டிய நெறச்சிருக்குது. எங்கிட்டப் போன்ல சொல்லுச்சு, மோட்டார அமத்தப் போறேன்னு. நான் வந்து பாத்தப்பத் தொட்டி காலி. சமையக்கட்டுக் கொழாய் முழுசாத் தெறந்து கெடக்குது. ஒரு தொட்டித் தண்ணி காலியாகறதுக்கு மூணு மணி நேரமாச்சும் ஆகும் பெரிம்மா.'

இஞ்சினியருக்குப் படிச்சவன். தண்ணிக்குக் கணக்குப் போடறான். 'எங்கம்மா தும்முனா உங்களுக்குக் கேக்கும். மூணு மணி நேரம் கொழாய் ஓடறது கேக்கலையா?'ன்னான். நான் கேக்கலைன்னேன். அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயிட்டான். அதுக்கப்பறம் அவன் எங்கிட்டப் பேசறதில்ல. அம்மாவ ஊட்டுக்குக் கூட்டியாந்து, ஆளு வெச்சு, ஊருக்குக் கெளம்பறப்ப வாசல்ல நின்னு அந்தப் பாத்துக்கற அம்மாகிட்டச் சொல்றான், 'இந்தக் கதவே இனி வேண்டாம், செவுரு வெச்சர்றேன்'னு. எனக்குக் கேக்கோணும்னு சொல்றான். அம்மாவாட்டவே மகன்.

என்ன, நீங்களும் அப்புடிப் பாக்கறீங்க?

சரி. உங்ககிட்ட என்ன மறைக்கறது. நீங்க யாரோ நான் யாரோ. கேட்டுதுங்க. ஒம்பது மணிக்கே கேட்டுது. ஒரு போசி உளுந்துச்சு. எவர்சில்வர் பாத்திரம். அது உருண்டு உருண்டு போயி நின்னுச்சு. யாரும் எடுக்கல. சாரதாமணி எதையும் கீழ கெடக்க உடமாட்டா, உளுந்த கையோட எடுத்துருவா. எடுக்கலையேன்னு நெனச்சேன். நெனச்சுட்டு, எனக்கென்ன வந்துதுன்னு உக்காந்து பீன்ஸ் அரிஞ்சேன்.

கொழாய் ஓடுது. பொதுத் தொட்டித் தண்ணி, என்ற பங்குந்தான் போகுது. எனக்குக் கோவம்னா கோவம். வேணும்னே பண்றா, நேத்து நான் பூனைகிட்ட மோட்டாரப் பத்திச் சொன்னதுக்குப் பழி வாங்கறான்னு நெனச்சேன். கதவுகிட்டப் போயி நின்னு, 'ஏம் பூனை, சில பேரு தண்ணியத் தெறந்து உட்டுட்டுக் கூத்து பாக்கறாங்களே, கண்ணு அவிஞ்சு போச்சா?'ன்னு சத்தமாக் கேட்டேன். பதில் இல்ல. தொளசிகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் மேஸ்திரி. பொய் சொல்ல மாட்டேன். ஆகா, இன்னிக்கு அவளுக்கு வாய் அடச்சுப் போச்சு, பதில் சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சேன். பத்து மணிக்கு இன்னொருக்கா சொன்னேன், இன்னும் எச்சாச் சொன்னேன். பதில் இல்ல. பதினோரு மணிக்கு ரெண்டு தும்மல் வரோணும். வரல.

அப்பத் தெரிஞ்சுதுங்க எனக்கு. தும்மல் வரலைன்னதும் எந்திரிச்சு வந்தேன். கதவுல கைய வெச்சுட்டு நின்னேன். 'சாரதா'ன்னு ஒரு வார்த்தை கூப்புட்டுப் பாக்கலாம். வாய் வரைக்கும் வந்துது. கூப்புட்டு, அவ நல்லா நின்னுட்டு இருந்து, தொளசிகிட்ட 'பாத்தியா தொளசி, யாரு மொதல்ல கூப்புட்டாங்கன்னு'ன்னு சொல்லிட்டா? ஒம்பது வருசம் காப்பாத்துனதுங்க. ஒரு நிமிசத்துல போயிருமில்ல. கூப்புடல. முன் வாசல்ல போயி எட்டிப் பாத்தேன், யாராவது வந்தா அவீங்களப் போகச் சொல்லலாம்னு. யாரும் வரல. மறுக்கா வந்து நின்னேன். இப்புடியே ஒரு மணி நேரம். தண்ணி கதவுக்கு அடியில வந்து என்ற காலத் தொட்டப்பத்தான் மொனகலே கேட்டுது. தொட்டி காலியாகி, கொழாய்ச் சத்தம் நின்னப்பறம்தான் கேட்டுது.

எனக்கு எப்புடிங்க தெரியும்? நீங்க சொல்லுங்க. மூணு மணி நேரம் மூணு மணி நேரம்ங்கறான். அவன் பெங்களூர்ல இருந்தான். நான் கதவுகிட்ட இருந்தேன். யாரு காப்பாத்துனது? நானா அவனா? நெஞ்செல்லாம் எரியுது மேஸ்திரி, ஒரு மாசமாச் சோறு எறங்கறதில்ல. அதுக்குக் கெடைச்ச மரியாதை செவுரு.

இவ ஆஸ்பத்திரியிலயிருந்து ஊட்டுக்கு வந்த நாள்லயிருந்து தெனமும் நான் இந்த வழியாத்தான் அங்க போறேன். கதவுதான் இல்லியே, யாரக் கேக்கோணும்? கஞ்சி காச்சிக் கொண்டு போறேன். தலை சீவி உடறேன். அவளுக்குப் புடிச்ச நாடகத்தப் போட்டு, போன ஒம்பது வருசத்துல எந்த நாடகத்துல யாரு செத்தா, யாரு தாலிய யாரு அறுத்தான்னு ஒண்ணு உடாமச் சொல்றேன். காலைல போனா பொழுதுக்கும் பேசறேன். தொண்டை கட்டிக்குது. அவ ஒரு வார்த்தை பேசறாளா? டாக்டர் வாய் வராதுங்கறாரு. அந்தப் பாத்துக்கற அம்மா 'காப்பி வேணுமா'ன்னா 'ம்'ங்கறா. கிருபாகரன் போன்ல 'அம்மா'ன்னா 'ஆ'ன்னு சத்தம் குடுக்கறா. நான் போனா மூஞ்சிய அக்கட்டால திருப்பிக்கறா. செவுத்தப் பாத்துட்டே கஞ்சி குடிக்கறா. நான் ஊட்டற கஞ்சி வேணும், நான் வேண்டாம். இது நோவுங்களா? இது வீம்பு. எனக்குத் தெரியாதா அவளப் பத்தி? ஒம்பது வருசமா இந்த வீம்பப் பாத்தவ நானு.

இதுக்கு மேல அவன் செவுரு வெச்சுட்டான்னு வெய்யுங்க, நான் முன் வாசல் வழியாப் போயி அந்தக் கம்பிக்கதவத் தட்டி, பாத்துக்கற அம்மா மனசு வெச்சா உள்ள போகோணும். மனசு வெக்கலீன்னா? கிருபாகரன் உடாதீங்கன்னு சொல்லிட்டா? அப்பறம் அவ எப்ப எங்கிட்டப் பேசறது?

நான் உங்க வேலையக் கெடுக்கல மேஸ்திரி. கூலிக்கு வந்த ஆளு நீங்க. ஒண்ணே ஒண்ணு. செவுரு வேணும்னு அவ சொல்லட்டும். அவ ஊடு, அவ சொல்லட்டும். சொன்னா நானே செங்கல்ல எடுத்துக் குடுக்கறேன். வாங்க, இக்கட்டால வந்து நில்லுங்க, அவளுக்குத் தெரியறாப்பல.

ஏய் சாரதா. இங்க பாரு. அந்தப் பக்கம் திரும்பாத, இங்க பாரு. மேஸ்திரி வந்திருக்கறாரு. உன்ற மகன் இந்த எடத்துல செவுரு வெக்கச் சொல்லியிருக்கறான். வேணுமா வேண்டாமா சொல்லு. நான் சொன்னதெல்லாம் கேட்டியா? நீ உளுந்தது ஒம்பது மணிக்கே எனக்குக் கேட்டுச்சுடி. கேட்டுட்டுத்தான் உக்காந்திருந்தேன். உன்ற மகன்கிட்டப் பொய் சொன்னேன். உன்னைய ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்புடறதுக்கு எனக்கு மனசு வரல. இப்பத் திட்டு. தொளசிகிட்டச் சொல்லாத, என்ற மூஞ்சியப் பாத்துத் திட்டு. நாறத் திட்டு. என்ற மகள நடு மண்டபத்துல நிக்க வெச்சியே, அப்ப வந்த வாய் இப்ப வராதா? ஒரு வார்த்தை. என்ன வேண்ணாலும் சொல்லு. செவுரு வெய்யின்னாவது சொல்லுடி.

மேஸ்திரி, சித்த அந்தச் சாந்துக் கரண்டியக் கீழ வெய்யுங்க. சத்தம் பண்ணாதீங்க. அவ என்னமோ சொல்ல வர்றா.